பட்டா யார் பேரில், கண்ணுகளா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு கால் மணி நேரம் எனக்காக ஒதுக்குங்கள்.

நம்ம பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வாரமாகச் சுற்றும் "இயற்கைக் கிராமம்" திட்டத்தை வரி விடாமல் படித்தேன். வாழப்பாடி தாண்டி மலையடிவாரத்தில் 22 ஏக்கர். 40 பேர் சேர வேண்டும். ஆளுக்கு 18 லட்சம். ஆளுக்கு 30 சென்ட் தனிப் பத்திரம், மீதி 10 ஏக்கர் பொது. மண் வீடு, சோலார், நாட்டு மாட்டுக் கொட்டகை, மழைநீர்க் குட்டை, பாரம்பரிய விதை, சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு நடவுப் பயிற்சி. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "கூட்டுறவு முறையில்". கடைசிப் பக்கத்தில் "எங்கள் கணக்கு டீச்சரின் ஆசியுடன்".

ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. இந்தத் திட்டத்துக்கு இல்லை. என் பேரை எடுத்துவிடுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேரைப் போட்டது எல்லோர் பார்வையிலும் என்பதால் காரணத்தையும் எல்லோர் பார்வையிலும் சொல்கிறேன்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரில் மாசம் பூராவும் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு கிணறு வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு? ஓய்வு பெறப்போகிற வயதில் நாலு சிநேகிதர்களோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் நல்ல ஆசைதான். என் கோபம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அது "கூட்டுறவு".

அந்தச் சொல்லை அம்மாபேட்டைக்காரர்கள் லேசாகப் பேசக் கூடாது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தறி நம்முடையது, நூல் முதலாளியுடையது, நெய்த துணியும் முதலாளியுடையது, கூலி மட்டும் நமக்கு. அந்தப் பிடியிலிருந்து வெளியே வரத்தான் நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் வந்தன. அவை நெய்ததை விற்றுத் தர 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் தீபாவளி போனஸ் என்று வந்தது சங்கத்துப் பணம்.

உலகக் கூட்டுறவு இயக்கத்தின் வேரிலும் நெசவாளர்கள்தான் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராக்டேல் என்கிற ஆலை ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். கடையில் இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அவர்கள் வகுத்த வழி. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அவர்களுடைய முதல் விதிகளிலேயே, நிலம் எடுத்து, வீடு கட்டி, தங்கள் தேவையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் ஒரு குடியிருப்பை அமைப்பதும் நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் இன்று பிடிஎஃப் ஆக அனுப்பும் கனவை அவர்கள் 180 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். ஆனால் கை வைத்தது கடையில். 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் 14 பேர் ஆரம்பித்த டி.யு.சி.எஸ். கூட ராக்டேலைப் பார்த்துப் போட்ட கடைதான்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். 40 தனிப் பத்திரம். 40 பேருக்கும் இஷ்டப்பட்டவருக்கு விற்கும் உரிமை. இதில் கூட்டுறவு எங்கே இருக்கிறது? இதற்கு ஊரில் வழங்கும் பெயர் லே-அவுட். லே-அவுட்டில் ஒரு மாட்டுக் கொட்டகை கட்டினால் அது மாடு உள்ள லே-அவுட், அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு 40 பேரில் இரண்டே இரண்டு பேர் விற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவனுக்கு மகள் கல்யாணம், இன்னொருத்திக்கு வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நியாயமான காரணங்கள்தான். பத்து வருஷத்தில் 20 பேர் போய்விடுவார்கள். ஊரில் பாதி. வந்த 20 பேரும் மண் வீட்டுக்காக வந்திருக்க மாட்டார்கள், நல்ல விலை கொடுத்ததால் வந்திருப்பார்கள். அதில் ஒருவர் ரிசார்ட் கட்டுவார். ஒருவர் கோழிப் பண்ணை போடுவார். "பொது 10 ஏக்கரையும் பிரித்துக் கொடுங்கள்" என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். சோலார் தகடு இதைத் தடுக்காது. நாட்டு மாடு தடுக்காது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தடுக்கும். இயற்கைக் கிராமத்தின் ஆயுள் பட்டாவில் இருக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். விவசாய நிலத்தை அனுமதியில்லாமல் மனையாக்கிப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மனை என்று சொன்னால் சிக்கல் என்று இப்போது "பண்ணை நிலம்" என்று சொல்லி சென்ட் கணக்கில் விற்கிறார்கள். பெயர் மாறினால் சிக்கல் தீருமா?

அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்துதான் டல்லாஸில் இருக்கும் என் அண்ணன் மகன், "அத்தை, உங்க பேர்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டான். இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் அவரவர் மாமாவிடமும் சித்தப்பாவிடமும் கேட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ராசா, அதற்குப் பெயர் பினாமி. 1988-ல் வந்த பினாமிச் சட்டத்தை 2016-ல் திருத்தி ஏழு வருஷம் வரை சிறை என்று ஆக்கியிருக்கிறார்கள். சொத்தும் போகும். பாசத்துக்காகக் கையெழுத்துப் போடும் பெரியவர்களே, நாளைக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பட்டா இருக்கட்டும். ஓட்டு யாருக்கு?

திட்டத்தின் ஏழாம் பக்கத்தில் "பணியாளர் குடியிருப்பு, 2 குடும்பம்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மாடு கறப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, களை எடுப்பது எல்லாம் அவர்கள். வாரத்தில் ஏழு நாளும் அங்கே இருக்கப்போவது அவர்கள் மட்டும்தான். நீங்கள் 40 பேரும் சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயந்திரம் போவீர்கள். அந்த ஊரின் உண்மையான குடிமக்கள் அந்த இரண்டு குடும்பம். அவர்களுக்குப் பங்கு இல்லை, ஓட்டு இல்லை, கூட்டத்தில் நாற்காலி இல்லை.

கூட்டுறவு என்று பெயர் வைத்தால் போதாது, உறுப்பினர் யார் என்று பார்க்க வேண்டும். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சேகோசர்வ் 1981-ல் வந்தது. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் தயாரிக்கும் மில்காரர்கள் வியாபாரிகளிடம் ஏமாறாமல் இருக்க அமைந்த கூட்டுறவு சங்கம். அவர்களுக்கு அது பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் குச்சிக்கிழங்கு போட்டவன் அதில் உறுப்பினர் இல்லை. அவன் லோடு ஏற்றிக்கொண்டு போனால் மில்லில் பாயிண்ட் பார்த்துச் சொல்கிற விலைதான். ஒரே கிழங்கு. மில்லுக்குள் போன பிறகு அதற்குச் சங்கம் உண்டு, வயலில் இருக்கும்வரை கிடையாது. உங்கள் கிராமமும் அப்படி ஆகப் போகிறது. சாப்பிடுகிறவருக்குச் சங்கம், விளைவிக்கிறவருக்குக் கூலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 40 பேர் பட்டியலைப் பார்த்தேன். உங்கள் அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் தெரிந்தவள் நான். அதே வகுப்பில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிறார்கள், வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கிறார்கள், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களும் அதே வாட்ஸ்ஆப் குழுவில்தான் இருக்கிறார்கள். நீங்கள் திட்டத்தைப் போட்ட நாளிலிருந்து அவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. கவனித்தீர்களா? "யாரையும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லவில்லையே டீச்சர்" என்பீர்கள். சொல்லத் தேவையில்லை. 18 லட்சம் என்ற எண்ணே சொல்லிவிட்டது.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், தலித். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தார். அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். நடுச்சுவர் பொது. சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். கட்டியது உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கல்லில். உங்கள் திட்டத்திலும் மண் கல் இருக்கிறது. அந்த நடுச்சுவர் இருக்கிறதா?

இனி தண்ணீர். சேலம் சீமை பாறை பூமி. மழை பெய்தால் பாறை இடுக்கில் நிற்பதுதான் நம் சேமிப்பு. 40 வீட்டுக்கு 40 போர் என்று உங்கள் திட்டத்தில் எழுதவில்லை, ஆனால் தனிப் பத்திரம் உள்ள இடத்தில் யார் யாரைத் தடுப்பது? ஒருவன் ஆயிரம் அடி போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் ஆயிரத்து இருநூறு போடுவான். கீழ்த் திசையில் இருக்கும் பாக்குத் தோப்புக்காரனின் கிணறு முதல் கோடையிலேயே காயும். மழைநீர்க் குட்டையைப் படம் எடுத்துப் போடுவீர்கள். அவன் கிணற்றை யார் படம் எடுப்பது?

நல்லது எதுவும் இல்லையா, வெறும் வசைதானா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வினோபா பாவே 1951-ல் பூமிதானத்தை ஆரம்பித்தது போச்சம்பள்ளியில். (நம்ம கிருஷ்ணகிரி பக்கத்துப் போச்சம்பள்ளி இல்லை, தெலங்கானாவில் இருப்பது.) அடுத்த படியாக வந்தது கிராமதானம். ஊரில் உள்ளவர்கள் நிலத்தின் உரிமையைக் கிராம சபைக்கு எழுதிக் கொடுப்பார்கள். இருபதில் ஒரு பங்கு நிலமில்லாதவர்களுக்கு. மீதியை அவரவரே உழுது, அவரவர் பிள்ளைகளே உழுது சாப்பிடலாம். வெளியாளுக்கு மட்டும் விற்க முடியாது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு பாருங்கள். உழைப்பும் விளைச்சலும் அவரவருடையது. விற்கும் உரிமை மட்டும் ஊருடையது.

அது ஏன் நாடு முழுவதும் நிற்கவில்லை? ஆயிரக்கணக்கான ஊர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கையெழுத்துப் போட்டன. பெரும்பாலான இடங்களில் பதிவேட்டில் பேர் மாறவே இல்லை. வினோபா அடுத்த ஊருக்கு நடந்து போனதும் நிலம் பழையபடி பழையவரிடமே இருந்தது. இங்கேயும் பாடம் அதேதான். வாயால் சொன்ன பொது, பொது ஆகாது.

ஆனால் மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்று கோண்டு பழங்குடியினரின் சின்ன ஊர் இருக்கிறது. நூறு வீடு சுமார். 2009-ல் வன உரிமைச் சட்டப்படி தங்கள் காட்டின் மேல் ஊர் உரிமையை வாங்கினார்கள். மூங்கிலை ஊரே வெட்டி ஊரே விற்றது. 2013-ல் அந்த மாநிலத்தின் கிராமதானச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, எல்லோரும் தங்கள் சொந்த நிலத்தையும் கிராம சபைக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். எந்த முடிவையும் பெரும்பான்மை என்று தள்ளாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுவது அவர்கள் வழக்கம். ஊர்க் கூட்டத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு நிலத்தைப் பொதுவாக்குவது கடைசிப் படி. நீங்கள் முதல் படியிலேயே நிலத்தில் கால் வைக்கிறீர்கள், அதையும் தனித்தனியாக.

தூரம் போக வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. தங்கள் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று வருமானம் பார்த்தார்கள். அப்போது தலைவர் சண்முகம். காற்றாலை அவர் பேரில் இல்லை, ஊராட்சியின் பேரில் இருக்கிறது. ஓட்டுரிமை உள்ள கடைசிக் கூலிக்காரருக்கும் அந்த றெக்கையில் பங்கு உண்டு.

இன்னும் பக்கம், அரூர் தாண்டி சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி. 1993-ல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா என்ற தம்பதி ஓலைக் கொட்டகையில் மருத்துவமனை ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர் ஆக்கினார்கள். பிறகு விவசாயிகள் இயற்கை விவசாயத்துக்கு மாறித் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். லம்பாடிப் பெண்கள் தங்கள் பழைய பூ வேலையை மீட்டு விற்கிறார்கள். அந்த டாக்டர்கள் தனியாக ஒரு "மாதிரி கிராமம்" கட்டவில்லை. இருக்கிற கிராமத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வாழப்பாடியைச் சுற்றி எத்தனை கிராமம் இருக்கிறது! அவற்றில் பாதி வீட்டில் கிழவன் கிழவி மட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள். இத்தனை ஊர் காலியாகும்போது பக்கத்திலேயே வேலி போட்டு இன்னொரு ஊர் எதற்கு?

ஆரோவில்லைச் சொல்கிறீர்கள். 1968-ல் ஆரம்பித்தது. செம்மண் பொட்டலைக் காடாக்கியது பெரிய சாதனை. அங்கே நிலமோ வீடோ யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்பதும் உண்மை. 50,000 பேருக்கு என்று திட்டமிட்டது, ஐம்பது வருஷம் தாண்டியும் மூவாயிரத்துச் சொச்சம் பேர். இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. 1988 சட்டப்படி நிலம் ஆரோவில் ஃபவுண்டேஷனுக்கு. அதன் ஆட்சிக் குழுவை நியமிப்பது மத்திய அரசு. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்களைத் தள்ள இயந்திரம் வந்தபோது, வருஷக்கணக்காக மரம் வளர்த்த ஆட்களில் பலர் எதிர்த்து நின்றும் மரங்கள் சாய்ந்தன. தனிச் சொத்து இல்லை என்றால் மட்டும் போதாது. அந்த மண்ணில் இருப்பவர் கையில் முடிவு இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள்.

"கூட்டுறவு என்றாலே ஊழல்தானே டீச்சர்?" தறியே இல்லாதவர் பேரில் உறுப்பினர் அட்டை, நகையே இல்லாமல் நகைக் கடன், தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஆட்சி. எனக்குத் தெரியாததா? நம் பெரியவர்கள் பட்டார்கள். ஆனால் அந்தச் சங்கங்கள் கெட்டது உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போகாமல் போனதால். வருஷத்தில் ஒரு நாள் டிபன் பொட்டலத்துக்கு மட்டும் போனால் சங்கம் அப்படித்தான் ஆகும். வாரா வாரம் வருகிற கிராமத்துக்கே வர முடியாது என்று "பராமரிப்பை ஏஜென்சியிடம் விடலாம்" என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிற நீங்கள் ஊழலைப் பற்றிப் பேசக் கூடாது.

"கூட்டுப் பண்ணையை ராஜாஜியே எதிர்த்தாரே?" எதிர்த்தார். 1959-ல் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டபோது எதிர்த்துச் சுதந்திரா கட்சியே ஆரம்பித்தார். அரசாங்கம் மேலிருந்து திணிப்பதைத்தான் எதிர்த்தார். அதே ராஜாஜி 1925-ல் நம்ம திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். ஜமீன்தார் கொடுத்த நிலம். அங்கே குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கினார். சுற்று ஊர் ஏழைகளுக்கு நூற்கவும் நெய்யவும் வேலை, மதுவிலக்குப் பிரசாரம் என்று வேலை செய்தார். வாரக் கடைசி விருந்தாளியாக அவர் அங்கே போகவில்லை. நானும் எல்லோரும் ஒன்றாக ஏர் பிடியுங்கள் என்று சொல்லவில்லை. உழுவது அவரவர் உழட்டும். விற்பது மட்டும் பொதுவில் இருக்கட்டும் என்கிறேன்.

"போட்ட பணம் பெருகாதே, பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?" இது நேர்மையான கேள்வி. நேர்மையான பதில்: பெருகாது. விலகும்போது பங்குத் தொகையும் சின்ன வட்டியும் கிடைக்கும். நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருக்கும் இல்லை. அது பிடிக்கவில்லையென்றால் ரியல் எஸ்டேட்டில் போடுங்கள், குற்றம் இல்லை. ரியல் எஸ்டேட் என்றே சொல்லிச் செய்யுங்கள். லாபமும் வேண்டும், கிராமம் என்ற புண்ணியமும் வேண்டும் என்றால் இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் வராது.

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எனக்குப் பழக்கமில்லை. பேளூர் பக்கம் வசிஷ்ட நதிக்கு அருகில் எனக்கு மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் இருக்கிறது. 1989-ல் பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு எங்கள் அப்பா தானாக முன்வந்து என் பேரில் எழுதியது. ஒரு கிணறு, கொஞ்சம் பாக்கு, மீதி கடலையும் ராகியும். பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று குத்தகைக்குப் பார்க்கிறது. விற்றுத் தரச் சொல்லி புரோக்கர்கள் வராத மாசம் இல்லை. அந்த நிலத்தை 30 வருஷக் குத்தகைக்கு, பதிவு செய்து, ஒரு உண்மையான சங்கத்துக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். மகளிடமும் மகனிடமும் பேசிவிட்டேன். ஒருவருக்குச் சம்மதம். ஒருவருக்கு வருத்தம், அதுவும் எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கிளம்ப வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் நிபந்தனை உண்டு.

ஒன்று. சங்கத்தின் நிலத்தையோ குத்தகை உரிமையையோ யாரும் தனியாக விற்க முடியாது என்று பைலாவில் முதல் விதியாக இருக்க வேண்டும்.

இரண்டு. ஓட்டு ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்தால் அது வீட்டு ஆம்பளை ஓட்டு. மனைவிக்குத் தனி ஓட்டு, வயது வந்த மகளுக்குத் தனி ஓட்டு.

மூன்று. இப்போது நிலத்தைப் பார்க்கும் குத்தகைக் குடும்பமும், களை எடுக்க வரும் பெண்களும் முதல் நாளிலிருந்தே உறுப்பினர்கள். பங்குத் தொகை அவர்களால் கட்ட முடிகிற அளவில் இருக்கட்டும்.

நான்கு. கிணறு ஒன்றுதான். புது போர் கிடையாது. என்ன பயிர், எத்தனை தண்ணீர் என்பதைக் கீழ்த் திசை விவசாயிகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து. முதல் ஒரு வருஷம் வீடு, கொட்டகை எதுவும் கட்டக் கூடாது. கடை மட்டும். அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் விளையும் கடலை, எண்ணெய், ராகி, பாக்கு, காய்கறியை நீங்கள் 40 பேரும் மாசா மாசம் வாங்குங்கள். சேலத்திலும் பெங்களூரிலும் நாலு பேருக்கு விற்றுக் கொடுங்கள். தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிற வாரத்தில் நீங்கள் வாங்குகிறீர்களா என்று பார்ப்போம். ஒரு வருஷம் ஒழுங்காகக் கடை நடத்தியவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசலாம்.

எந்தச் சட்டத்தில் பதிவது என்பது வக்கீலிடம் கேட்க வேண்டியது. 1983 தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. அரசு அலுவலர் தலையீடு வேண்டாம் என்றால் 2002-ல் வந்த உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வழி இருக்கிறது. பத்து உற்பத்தியாளர்கள் போதும், தனிநபர்கள் சேர்ந்தால் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஆனால் அதில் உறுப்பினராக உற்பத்தி செய்பவராக இருக்க வேண்டும். நீங்கள் வாடிக்கையாளராக வாருங்கள், வட்டி குறைவாகக் கடன் கொடுப்பவராக வாருங்கள், கணக்கு எழுதித் தருபவராக வாருங்கள். சங்கம் அமைப்பது நம் அடிப்படை உரிமை என்று 2011-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தாயிற்று. தடை வெளியில் இல்லை.

நிலம் வாங்காமலே ஊருக்குச் செய்யும் வழியும் நம் கண் முன்னால் இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்துத் தூர் வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். இன்று பறவை வருகிறது. அங்கே மண் சுமந்தவர்கள் யாருக்கும் அந்த ஏரியில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. நம்ம குமரகிரி ஏரியில் சாக்கடை கலக்கிறது. இயற்கை மேல் அவ்வளவு ஆசை என்றால் அங்கே இன்றைக்கே ஆரம்பிக்கலாம், 18 லட்சம் வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள். காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்காரலாம். ஆட்டோ ஓட்டுகிற, பட்டறையில், தறியில் இருக்கிற நம்ம பிள்ளைகளை நானே போன் பண்ணிக் கூப்பிடுகிறேன். அவர்கள் வந்தால்தான் கூட்டம். குத்தகைக் குடும்பத்து அம்மாவும் வருவார், தண்ணீர்க் கணக்கை அவர் சொல்வார். வீட்டுப் படமும் பிடிஎஃப்பும் வேண்டாம். ஆளுக்கொரு நோட்டில் பைலாவின் முதல் ஐந்து விதியை உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன்.

அதுவரை அந்தக் கடைசிப் பக்கத்தில் என் பேர் இருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
அம்மாபேட்டை, சேலம்